கசக்கட்டும்

"இதே மாத்திரையை இன்னும் கொஞ்ச மாசம் சாப்பிடலாமா ஐயா?" என்று டாக்டர் கேட்டார்.

"முடியாது" என்றார் அப்பா.

அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவிடம் மிஞ்சியிருந்தது ஒரே சொல்தான். சரி. பசிக்கிறதா? சரி. வலிக்கிறதா? சரி. பக்கத்து வீட்டுக்காரர் விளையாட்டாக, "உங்க சோபாவை நான் தூக்கிட்டுப் போகட்டுமா?" என்றார். அதற்கும் சரி.

அப்பா வாகனங்களுக்குத் தகுதிச் சான்று தரும் ஆய்வாளர். ஒரு விளக்கு மங்கலாக எரிந்தாலும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'முடியாதார்'.

அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதைப் பார்க்கச் சகிக்காமல் அம்மா அடுப்படிக்குள் போய் மூக்கைச் சிந்துவாள்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று சுருங்கிக் கிடந்தது. இன்னொரு தடவை அடைத்தால் ஆளே தேறமாட்டார் என்று பயந்தோம். வழக்கமான மருந்துகளோடு, ஒரு செடியின் வேரிலிருந்து பிரித்தெடுத்த மருந்தையும் டாக்டர் சேர்த்துக் கொடுத்தார். கூடவே பேச்சுப் பயிற்சி.

"வேரா? கஷாயம் மாதிரியா?" என்று அம்மா அன்றைக்கு உதட்டைப் பிதுக்கினாள்.

"கஷாயம் இல்லம்மா, சுத்தம் பண்ணி அளந்து செஞ்ச மாத்திரை. இதுக்கும் கேக்கலைன்னா குழாய்க்குள்ள ஸ்டென்ட்னு ஒரு வலை வைக்க வேண்டியிருக்கும்."

மருந்து கேட்டிருந்தது. நூலிழையாகத் தெரிந்த இடம், இன்றைய ஸ்கேனில் நன்றாகவே விரிந்திருந்தது.

"ஏன் முடியாது?" டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அப்பா நாக்கோடு மல்லுக்கட்டினார். "க... கசக்குது."

"கசக்கட்டும்! நல்லாக் கசக்கட்டும்!" அம்மா சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். நர்ஸ் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

அம்மாவுக்கு ஆசை அடங்கவில்லை. "உங்க தங்கச்சி நம்ம வீட்ல வந்து ஒரு மாசம் தங்கப்போறாளாம்."

"முடியாது!"

டாக்டரே வாய்விட்டுச் சிரித்தார்.

நான் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன்.

"அப்பா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. கட்டிக்கட்டுமா?"

அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "எத்தனை நாளாடீ இது?"

அப்பா படுக்கையில் விழுவதற்கு முந்தின வாரத்திலிருந்தே சொல்ல நினைத்தது. பிறகு எந்த நாளும் கேட்டிருக்கலாம். உடனே சம்மதம் கிடைத்திருக்கும். அதனால்தான் கேட்கவில்லை.

அப்பா புருவத்தைச் சுருக்கினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். வெகுநேரம் யோசித்தார்.

"யாரு... அவன்?" என்றார். "வர... வரச் சொல்லு."