காசிக்கு மூக்கு வந்த நாள்

“டேய் நிசாரு, மல்லிப்பூ வாசன வருதுடா!” என்று காசி நடுத்தெருவில் நின்று கத்தினான்.

நிசார் அஹமது அவன் இடுப்புத் துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்தான். மயானக்கொள்ளைத் திருவிழா. காசி வாழ்க்கையில் முதல்முறையாகக் கஞ்சா லேகியம் தின்றிருந்தான். தின்கிறவனுக்குத் தின்னாத ஒருவன் துணை போகவேண்டும் என்பது லேகியம் தின்கிற கூட்டத்தின் வழக்கம். தடுக்கவும் கூடாது, தனியே விடவும் கூடாது.

வெள்ளைக்காரன் நாட்டைவிட்டுப் போன வருஷம் இருவரும் தோல் பதனிடும் ஷாப்பில், தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழி வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்தக் குழியில் கொஞ்ச காலம் நின்றால் மூக்கு செத்துவிடும். அப்புறம் பிரியாணியும் ஒன்றுதான், பிணமும் ஒன்றுதான்.

செத்த மூக்கு இன்று எழுந்து உட்கார்ந்துவிட்டது. காசி கற்பூரத்தை மோந்தான், எருமையை மோந்தான், மண்சுவரை மோந்து அழுதான். நிசாருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. யா அல்லா, இவ்வளவு பெரிய உலகமா எங்களிடமிருந்து போயிருந்தது என்று மலைத்துப் போனான்.

பயமும் இருந்தது. லேகியம் தின்றவன் தண்டவாளத்துக்கும் போவான், கிணற்றுக்கும் போவான். நாளைக்குப் பஞ்சாயத்து வேறு. ஆலங்காயத்தில் தாய்வீட்டில் இருக்கும் மனைவி சந்திராவின் உறவை அறுத்துவிடப் போகிறான் காசி. பக்கத்தில் போனாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம். மனசில் வேறு எவனோ இருக்கிறானாம். நிசார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். செவிடன் காதில் ஊதிய சங்கு.

காசி சட்டென்று நின்றான். தன் உள்ளங்கையை மோந்தான். பிறகு தோளை, அக்குளை.

வேலியோரம் குனிந்து வாந்தி எடுத்தான். நிசார் அவன் நெற்றியைத் தாங்கிக்கொண்டான்.

“சந்திரா மூஞ்சத் திருப்பனது இதுக்குத்தானாடா? பாவம்டா அவ... மொதல்ல குளிக்கணும். அப்பறம் ஆலங்காயம் போலாம், வா.”

ஒரு தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் காசி தேய்த்துத் தேய்த்துக் குளித்தான். நிசார் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் இருந்தான்.

காசி பார்க்காத நேரத்தில் தன் கையை மோந்து பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவன்தான் லேகியம் தின்னவில்லையே.

அதே குழி, அதே சுண்ணாம்பு. தன் உடம்பிலும் அதே நாற்றம்தானே என்று நிசாருக்கு உறைத்தது.

தெருமுனையில் கொய்யாப்பழ வண்டி வந்தாலே வீட்டுக்குள்ளிருந்து சொல்லிவிடுகிற மூக்கு அவன் மனைவி பில்கிஸுக்கு. நிக்காஹ் ஆன நாள்முதல் அவள் ஒரு தடவைகூட முகத்தைத் திருப்பியதில்லை.