கடைசி மனிதர் வந்திருக்கிறார்

உலகத்தின் கடைசி மனிதர் அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதுகில் 'செக்யூரிட்டி' என்று எழுதிய நீலச் சட்டை. வேலை முடிந்த கையோடு நேராக வந்திருந்தார்.

பார்த்ததும் அவளுக்கு முகம் சுண்டிப்போனது. அடுத்து திரையிடப் போகிற குறும்படத்தின் இயக்குநர் அவள். அதில் நடித்திருந்த ஒரே ஆள் அவளுடைய அப்பா.

"வீட்டுக்குப் போயி சட்டை மாத்திட்டு வந்திருக்கலாமேப்பா," குனிந்து முணுமுணுத்தாள்.

"அதுக்குள்ள படம் போட்டுடுவாங்களோன்னு நெனச்சேம்மா. நான் இப்படி ஓரமா இருந்துக்கறேன். நீ போ."

விளக்குகள் அணைந்தன.

உலகம் அழிந்த பிறகு மிஞ்சிய ஒரு மனிதர், ஓர் அறை, வெட்டே இல்லாத ஒரே ஷாட். அவ்வளவுதான் படம். யாருமே இல்லாத உலகத்தை யாருமே பக்கத்தில் இல்லாமல்தான் எடுக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். படப்பிடிப்பன்று ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்தாள், கேமராவை ஓடவிட்டாள். "உங்களுக்குத் தோணுறதப் பண்ணுங்கப்பா. நான் வர்ற வரைக்கும் வெளிய மட்டும் வந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு, நண்பர்களோடு காபி குடிக்கப் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "சரியா வந்துச்சாம்மா?" என்று மட்டும் கேட்டார். தன் போனில் அவருடைய தவறிய அழைப்புகள் வரிசையாக நிற்பதை அப்போதுதான் பார்த்தாள். நடிப்புக்குக்கூட என் நம்பர்தான் கிடைச்சுதா என்று சிரித்துக்கொண்டாள்.

திரையில் அவர் எழுந்தார், கழுத்துப் பொத்தானைக் கழற்றினார், முகத்தைத் துடைத்தார். போனை எடுத்து நம்பரை அழுத்திக் காதில் வைத்துக் காத்திருந்தார். மறுபடி அழுத்தினார். "வேலையா இருப்பா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து தரையில் படுத்துவிட்டார்.

படம் முடிந்தது. கைதட்டல் எழுந்தது.

நடுவராக வந்திருந்த நாடகக்கார அம்மாள் அவளை மேடைக்கு அழைத்து அணைத்துக்கொண்டார். "இந்த நடிகர எங்கம்மா புடிச்ச?"

அவள் பார்வை பின்வரிசைக்குப் போனது. அந்த நீலச் சட்டை. முன்வரிசையில் இருந்தவர்களின் உடைகள்.

"தெரிஞ்சவர்தான் மேடம். எங்க ஏரியா வாட்ச்மேன்."

வாயை விட்டுப் போய்விட்டது. மைக்கில் அது அரங்கம் முழுக்கக் கேட்டது.

"அதோ இருக்காரே, அவர்தானே? மேல வாங்க ஐயா," நடுவர் கூப்பிட்டார்.

அவர் தயங்கித் தயங்கிப் படியேறினார். மகளைக் கடக்கும்போது நின்றார். கைகூப்பி, "வணக்கம் மேடம்" என்றார்.

நின்ற இடத்திலேயே புதைந்துபோய்விடலாம் போலிருந்தது அவளுக்கு. 'இவர் என் அப்பா' என்று சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள். அதற்குள் மைக் அவர் கைக்குப் போய்விட்டது.

"போன் பண்ணிப் பண்ணிப் பாத்துட்டு அப்படியே சரிஞ்சு விழறீங்களே, எனக்கு மூச்சே நின்னுடுச்சு," என்றார் நடுவர். "மனசுல என்ன நெனச்சுக்கிட்டு நடிச்சீங்க?"

அவருக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. அவள் பக்கம் திரும்பாமல், தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"நடிக்கலீங்க. காத்தில்லாம மயக்கம் வந்துடுச்சு, என் பொண்ணக் கூப்பிட்டுப் பாத்தேன்."