ஒல்லியனைக் கொன்னுபோடலாமா?

“இன்னிக்கு அந்த ஒல்லியனைக் கொன்னே போடோணுமுங்க. இதுக்கு மேல என்னால தாங்க முடியாது” என்றார் கண்ணையா, டீயை ஊதிக் குடித்துக்கொண்டே.

தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த ரசாக்கின் கால் நின்றது. “ஏனுங்கண்ணா, அவன் உங்களை என்ன பண்ணினான்? பாவம், ஊடு போய்ச் சேரட்டுமுங்க.”

“பத்து மாசமா ஒண்ணுமே பண்ணலியே பாய், அதுதான் குத்தம்!”

ஒல்லியன் வேறு யாருமில்லை. ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு ரசாக்கின் கடை டி.வி.யில் வரும் ஆகாசக் கப்பல் தொடரின் கதாநாயகன். கேபிள்காரன் முஜீப் மொட்டை மாடியில் குடை ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தபோது ரஷ்யாக்காரன் சேனல் சிக்கியது, அதில் இந்தத் தொடரும் சிக்கியது.

ஒன்றரை வருஷமாக ஓடுகிறது. பாஷை ஒருத்தருக்கும் தெரியாது. கருத்துச் சொல்வதற்குப் பாஷை எதற்கு? கி.பி. மூவாயிரத்தில் நடக்கிற கதை என்று முஜீப் சொன்னான், எல்லாரும் தலையாட்டினார்கள். அத்தோடு ஒற்றுமை தீர்ந்தது.

கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுக்கும் மாசாணியம்மாளுக்கு, முதலில் வந்த மீசைக்காரர்தான் நடிகர். “அவரு மிதந்து வந்தாலே ஒரு கம்பீரமுங்க. இவனுங்க எட்டே மாசத்துல அவரை மாத்திப்போட்டானுங்க, கெரகம்!”

எதிரே மில் சாமான் கடை வைத்திருக்கும் கண்ணையாவுக்குக் கதையே பிடிக்கவில்லை. ஆனால் ஒரு வாரம்கூடப் பார்க்காமல் இருந்ததில்லை. “சண்டை இல்ல, பாட்டு இல்ல, வில்லன் இல்ல. ட்யூபைப் பிதுக்கித் திங்கறதை எத்தனை வாரந்தான் பாக்கறது? ஒல்லியன் தலைல ஒரு கல்லு வந்து உழுந்தாத்தான் கதை சூடு புடிக்கும்.”

ரசாக் மட்டும் ஒல்லியன் கட்சி. சில வாரங்களில் கீழே பூமியிலிருந்து ஒல்லியனின் பெண்டாட்டி கைக்குழந்தையோடு மைக்கில் பேசுவாள். அவன் சிரிப்பான். பேச்சு முடிந்த பிறகும் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். ரசாக் துபாயில் நாலு வருஷம் துணி தைத்தவர். மகள் ஜன்னத் பிறந்ததை டெலிபோனில்தான் கேட்டார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அழுகை முட்டும். ஒல்லியன் வீட்டுக்குப் போவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

அதற்குத்தான் இன்று ஆப்பு. அடுத்த வாரத்திலிருந்து அந்த நேரத்தில் சினிமாப் பாட்டுப் போடலாமா என்று முஜீப் கேட்டுவிட்டான். இன்றைய பகுதி முடிந்ததும் கை தூக்கித் தீர்ப்பு.

“நாயம்னா நாயமா இருக்கோணும்” என்றார் கண்ணையா. “என்ற அக்கா மக ஹரிதா மாஸ்கோவுல டாக்டருக்குப் படிக்குது, லீவுல வந்திருக்குது. ஒரு நாடகம் பாக்கலாம் வா கண்ணுன்னு வரச்சொல்லியிருக்கேன். அது வாயாலயே கேட்டுக்கலாம், கதை உருப்படுமா உருப்படாதான்னு.”

ஹரிதா வருவதற்கும் ஒல்லியன் திரையில் மிதந்து வருவதற்கும் சரியாக இருந்தது. மாசாணியம்மாள் முக்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

ரசாக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். “அண்ணா, அவன் சட்டையைப் பாருங்க. தோள்பட்டை ரெண்டு இஞ்ச் தொங்குது. ஆளு எளைச்சுட்டான். சட்டைக் கையில தைச்சிருந்த செவப்புக் கொடியைக் காணோம், மூணு கலர்ல வேற ஏதோ இருக்குது. அதுவும் கோணக் கையால போட்ட தையலுங்க. எந்த டைலரும் இப்படித் தைக்க மாட்டான்.”

“டைலருக்குக் குடுக்கக்கூடக் காசில்லாத கம்பெனி போல!” கண்ணையா தொடையில் தட்டிச் சிரித்தார். “அதான் ஆளுக்குச் சோறும் போடறதில்ல.”

கடையே சிரித்தது. ஹரிதா சிரிக்கவில்லை. திரையில் ஒருவர் பேசப் பேச, அவள் உதடுகள் அந்தப் பேச்சோடு சேர்ந்து லேசாக அசைந்தன.

நிகழ்ச்சி முடிந்து இசை வந்ததும் முஜீப் எழுந்தான். “பாட்டு வேணுங்கறவுங்க கை தூக்குங்க.”

கண்ணையா இரண்டு கையையும் தூக்கினார். மாசாணியம்மாள் மீசைக்காரரை நினைத்துக்கொண்டு ஒரு கை தூக்கினாள். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்கூடத் தூக்கினார். “பாட்டுதானுங்க” என்று முஜீப் முடித்துவிட்டான்.

 டி.வி.யை அணைக்கப் போன ரசாக், மனசு கேட்காமல் திரும்பி ஹரிதாவிடம் வந்தார். “அம்மணி, இனிமே நாங்க பாக்கப் போறதில்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிப்போடு கண்ணு. கடைசியில அவன் ஊடு போய்ச் சேந்துருவானா?”

“செத்துப்போவான்னு சொல்லு கண்ணு, பாய்க்கு ஆறுதலா இருக்கும்!” என்றார் கண்ணையா.

ஹரிதா கடையில் இருந்த ஒவ்வொருத்தரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு ரசாக்கைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அது அவருக்கே இன்னும் தெரியாதுங்க, அவரை மேல அனுப்புன நாடே ஒடைஞ்சுபோச்சு... இது நாடகமில்லீங்க, நியூசு.”