வெண்கலத்தின் வாய்

“இன்னிக்கு யாராவது வாயைத் திறந்தீங்க, குழுவை விட்டே தூக்கிடுவேன்!”

பத்திரிகை ஆசிரியை பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் பார்த்தது வெண்கலத்தை.

வெண்கலம் என்பது பட்டப்பெயர். தொண்டை அப்படி. சுருட்டு ருசி பார்த்து மதிப்பெண் போடும் அந்தக் குழுவில் மூன்றே பேர். சீட்டை மடித்துக் கொடுக்கும்வரை மூச்சுக் காட்டக் கூடாது என்பது சட்டம். வெண்கலம் இரண்டு இழுப்பு இழுத்ததுமே, “அடடா, தேன்!” என்பார். இல்லாவிட்டால், “சே, ஈரக் கோணி!” என்பார். இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியும் திருந்தவில்லை.

“வயசாக ஆக மனுஷனுக்கு வாய் நீண்டுக்கிட்டே போகுது” என்றார் பக்கத்து நாற்காலி பல் டாக்டர்.

“சில பேருக்கு நாக்கு ருசி பார்க்க இல்லை டாக்டர், தம்பட்டம் அடிக்க!” என்றார் மூக்கு சார்.

மூக்கு சார்தான் குழுவின் நட்சத்திரம். புகையை ஒரு தடவை மூக்கு வழியாக விட்டாரானால் இலை எந்த வருஷத்து அறுவடை என்று சொல்லிவிடுவார். சொல்லிக்கொண்டிருந்தார், ஆறு மாதம் முன்புவரை. ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது சும்மா போகவில்லை, வாசனையையும் கையோடு கொண்டுபோய்விட்டது. இப்போது அவருக்கு மல்லிகையும் பினாயிலும் ஒன்றுதான்.

மனைவிக்கு மட்டும் தெரியும். “சொல்லிட்டு விலகிடுங்களேன். எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?”

“இருபது வருஷமா ஊரே என்னை மூக்குன்னு கூப்பிடுது. இப்பப் போய் மூக்கு செத்துப்போச்சுன்னு சொல்லச் சொல்றியா?”

இத்தனை நாள் வண்டி ஓடியது வெண்கலத்தின் புண்ணியத்தில். அவர் உளறுவதைப் பொறுக்கி, கொஞ்சம் மெருகு போட்டு எழுதிவிடுவார் மூக்கு சார். அதற்காக ஓட்டை வாய்க்கு நன்றியா சொல்வார்கள்?

இன்றைக்கு வந்திருப்பதோ லேசுப்பட்ட சரக்கு இல்லை. உலகத்துக்கே நானூறு சுருட்டு. எட்டு வருஷம் பதப்படுத்திய இலை, மறுபடி போட மாட்டார்களாம். அதில் மூன்று இந்த மேசைக்கு வந்திருந்தன. ஆசிரியை பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஆளுக்கு ஆள் நடுவே புதிதாக அட்டைத் தடுப்பு வேறு.

நுனியைக் கத்தரித்தார்கள். நெருப்பைச் சுருட்டில் படாமல் சுற்றிச் சுற்றிக் காட்டிப் பற்ற வைத்தார்கள்.

மூக்கு சார் இழுத்தார். வெறும் சூடான காற்று.

கால் பாகம் போனது. பாதி போனது. அந்தப் பக்கம் டாக்டரின் பென்சில் சரசரவென்று ஓடியது. இந்தப் பக்கம் வெண்கலம் வாயே திறக்கவில்லை. பாவி, இன்றைக்குப் பார்த்தா திருந்த வேண்டும்! மூக்கு சாருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சீட்டில் தேதியைத் தவிர ஒன்றும் இல்லை.

“இன்னும் ரெண்டு நிமிஷம்” என்றார் ஆசிரியை.

“அடேங்கப்பா!” தடுப்பு அதிர்ந்தது. “மிளகுல ஆரம்பிச்சு, கோகோவுக்குப் போய், கடைசியில வறுத்த பாதாம்ல வந்து நிக்குதுய்யா! தொண்ணூத்தி நாலுல ஒண்ணு குறைச்சாலும் பாவம்!”

“மூச்!” என்று கத்தினார் ஆசிரியை.

மூக்கு சாரின் பென்சில் பறந்தது.

சீட்டுகளைப் பிரித்ததும் அறையே துள்ளியது. டாக்டர் தொண்ணூற்று மூன்று. மற்ற இருவரும் தொண்ணூற்று நான்கு. பத்திரிகையின் வரலாற்றிலேயே எந்தச் சுருட்டும் இவ்வளவு வாங்கியதில்லை. “அட்டைப்படமே இதுதான்!” என்று குதித்த ஆசிரியை, சீட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டு நிதானித்தார்.

“மூக்கு சார், இவர் கத்தினது வரிக்கு வரி உங்க சீட்டுல இருக்கே?”

டாக்டரும் திரும்பிப் பார்த்தார். மூக்கு சார் சட்டென்று எழுந்து நின்றார். எழுந்த வேகத்திலேயே கோபமும் வந்துவிட்டது.

“அதான் மேடம் என் வயித்தெரிச்சல்! நான் முன்னாடியே எழுதியாச்சு. இந்த ஆள் கத்திக் கூப்பாடு போட்டு, என் இருபது வருஷப் பேருக்குக் களங்கம் உண்டாக்கறார். ஒண்ணு இந்தக் குழுவுல இவர் இருக்கட்டும், இல்லே நான் இருக்கேன்!”

ஆசிரியை வெண்கலத்தைப் பார்த்தார். வெண்கலம் மூக்கு சாரைப் பார்த்தார்.

“அவர் முன்னாடியே எழுதிட்டார் மேடம். பென்சில் சத்தம் எனக்குக் கேட்டுது. தப்பு என் வாய்தான்.”

அவ்வளவுதான். வெண்கலத்தை நீக்கியாயிற்று.

மூக்கு சார் படி இறங்கும்போது காற்றில் மிதந்தார். பெரிய கண்டம் தப்பியது! வாசலில் வெண்கலம் தன் கத்தரியையும் லைட்டரையும் பையில் போட்டுக்கொண்டிருந்தார். ஜெயித்தவருக்குத் தாராளம் வருமல்லவா, தோளைத் தட்டினார்.

“மனசுல வச்சுக்காதீங்க. இனிமேலாவது வாயைக் கொஞ்சம் அடக்குங்க.”

வெண்கலம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ரகசியம்போல் மெதுவாகப் பேசினார். இவ்வளவு மெதுவாகப் பேச அவருக்குத் தெரியும் என்பதே மூக்கு சாருக்கு அப்போதுதான் தெரிந்தது.

“ஆறு மாசம் முன்னாடி, கை தவறி உங்க மேல தண்ணியைக் கொட்டிட்டேன்னு திட்டினீங்களே, ஞாபகம் இருக்கா? கை தவறலை சார். நெருப்பு விழுந்து உங்க சட்டைக் கை பொசுங்கிக்கிட்டிருந்தது. மூக்குக்குக் கீழே அப்படி ஒரு நாத்தம், நீங்க பாட்டுக்கு எழுதிக்கிட்டிருந்தீங்க. வாயை அடக்கறது எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லை... அடுத்த மாசம் உங்களுக்கு யார் கத்திச் சொல்லுவாங்க, அதை நினைச்சாத்தான் கவலையா இருக்கு.”