சுவரில் இருக்கும் டீச்சர்

மதியம் மாரிச்செல்வி தன் தூக்குச்சட்டியைத் திறந்ததுமே, கட்டிலில் சாய்ந்திருந்த பிலோமினா டீச்சர் மூக்கை உறிஞ்சினார். பொரித்த சாளை மீன்.

"எனக்கும் ஒரு துண்டு குடேன்."

டீச்சருக்கு விழுங்குவது சிரமம். ஒரு வருஷமாக அரைத்த கஞ்சிதான். பார்த்துக்கொள்ள வரும் செல்வி, பழக்கதோஷத்தில் சுவரில் பதித்திருந்த பேசும் கருவியைப் பார்த்தாள். நினைவு தப்பத் தொடங்குமுன் டீச்சர் ஒரு வாரம் உட்கார்ந்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று அதனிடம் சொல்லி வைத்திருந்தார். இப்போது அவருக்காக முடிவெடுப்பது அதுதான். சட்டப்படி டீச்சரும் அதுதான்.

"புரையேற நூற்றுக்குப் பதினெட்டு வாய்ப்பு," என்றது சுவர், டீச்சர் தலைமையாசிரியையாக இருந்த காலத்துக் கறாரான குரலில். "எனக்கு வேண்டாம்."

"வேணும்," என்றார் கட்டிலில் இருந்தவர். வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.

செல்விக்கு மனசு கேட்கவில்லை. முள் பார்த்து, மாவாகப் பிசைந்து, நகக்கண் அளவு ஊட்டினாள். டீச்சர் கண்ணை மூடி வெகுநேரம் சப்பினார். பிறகு விழுங்கினார். ஒன்றும் ஆகவில்லை. சிரித்தார்.

"செல்வி," என்றது சுவர் நிதானமாக. "நாளையிலிருந்து நீ வரவேண்டாம். வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டேன்."

செல்வி தூக்குச்சட்டியை மூடினாள். டீச்சர் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து அருகே இழுத்தார். சுவருக்குக் கேட்காதபடி, மீன் வாசம் அடிக்கும் வாயால் அவள் காதில் சொன்னார்:

"அந்தம்மா பேச்சைக் கேக்காத. அவங்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது."