மூடியில் நின்ற வாசனை

வேலைக்குத் திரும்பும் முன், தாய்ப்பால் எடுத்து வைக்க யாழினி இரண்டு கண்ணாடிப் புட்டிகளைக் கொதிநீரில் போட்டெடுத்தாள். புதியது சரியாக இருந்தது. பழைய ஊறுகாய்ப் புட்டியின் மூடியை முகர்ந்தவள் முகம் சுளித்து, புட்டியையும் மூடியையும் திறந்தபடியே ஜன்னலோரம் வைத்துவிட்டாள்.

"ஊறுகாயக்கா, உனக்கெதுக்கு இந்த ஆசை?" என்று சிரித்தது புதுப்புட்டி.

"வெயில்ல வாசனை போயிடும்டி. ஒரு தடவையாவது குழந்தைக்குப் பால் கொண்டுபோகணும்."

பழைய புட்டி வெயிலில் காத்திருந்தது. புதுப்புட்டி தினமும் நிரம்பியது, காலியானது. பல மாதம் கழித்து அது பரணுக்குப் போனது. ஜன்னலில் பேச்சுத்துணைக்கு யாருமில்லை.

ஒருவழியாக வாசனை முழுதாகப் போனது. அன்று மதியம் குழந்தை சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டது:

"அம்மா, ஊறுகாய்."