பாதி விரல்

“தலையில துணி கட்டிக்கினாத்தான் உள்ள வுடுவாங்களாம். கொஞ்சம் குனிங்க.”

அமிர்தசரஸ் பொற்கோயில் வாசலில், பச்சமுத்துவின் தலையில் காவித்துணியைக் கட்டிவிட்டாள் சாலம்மாள்.

“நீ எந்த ஊரும்மா?” என்று கேட்டார் அவர்.

“நைனார்பாளையங்க.”

“அட, நம்ம ஊரு. வூட்டுக்காரர் வரலியா?”

“வந்திருக்காருங்க.”

குளக்கரை இலந்தை மரத்தடியில் பச்சமுத்துவை உட்காரவைத்து, இந்த இடத்துக் கதையைச் சொன்னாள். குஷ்டரோகிப் புருஷனை இங்கே விட்டுவிட்டு ஒருத்தி சோறு வாங்கப் போனாளாம். குளத்தில் முழுகிய காக்கா வெள்ளையாக எழுந்ததைப் பார்த்து அவனும் முழுகினானாம். நோய் பறந்துவிட்டது. திரும்பி வந்தவளுக்குத்தான் அவனை அடையாளம் தெரியவில்லை.

“அப்பறம் இன்னா பண்ணான்?”

“ஒரு விரல மட்டும் நனைக்காம வச்சிருந்தானாம். அந்த விரல்ல நோய் அப்படியே இருந்துச்சு. அதப் பாத்துத்தான் நம்புனா. நீங்களும் முழுகுங்க, சரியாப் போவும்.”

“எனக்கு இன்னா நோவு?”

அவள் அவர் சட்டையைக் கழற்றி, குளத்துப் படியில் இறக்கிவிட்டாள்.

படியோரம் கட்டியிருந்த சங்கிலியைப் பிடித்து மூன்று முழுக்குப் போட்டு எழுந்தவர் முன்னால், சாலம்மாள் தன் இடது கையை நீட்டினாள். சுண்டுவிரலில் பாதி இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடடா, எப்படிம்மா ஆச்சு?”

“கரும்பு வெட்டறப்ப போச்சுங்க. எங்க வூட்டுக்காரர்தான் துண்டால கட்டி, சின்னசேலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடுனாரு.”

“நல்ல மனுசன். சீக்கிரம் போம்மா, உன்னத் தேடிக்கினு இருப்பாரு.”

“தேட மாட்டாருங்க” என்ற சாலம்மாள், மூன்று வருஷமாகத் தன்னை மறந்துபோயிருக்கும் புருஷனின் ஈர முதுகை முந்தானையால் துடைத்துவிட்டாள்.